ஒன்றாம் எண் சாக்கு

“தோள்லேர்ந்து அடிடி! சாக்கத் தாலாட்டுறியா, தூசு தட்டுறியா?”

பவுனம்மாளின் குரல் தண்டையார்ப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பவர்களுக்கும் கேட்கும். தவசிமுத்து அண்ணாச்சியின் சாக்குக் கிடங்கில் அவள்தான் மேஸ்திரி. காலிச் சாக்கு லாரியில் வந்து இறங்கும். அதை உள்ளும் புறமுமாகத் திருப்பிக் கல்மேடையில் போட்டுக் கம்பால் அடிக்க வேண்டும். அடித்ததைக் கோணி ஊசியால் ஒட்டுப் போட்டுக் கட்டாகக் கட்டி வண்ணாரப்பேட்டைக்கு அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். காலையில் தொடங்கினால் பொழுது சாய்கிறவரை அடிதான். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அடித்தாலும் தோளிலிருந்துதான் அடிப்பார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

சர்க்கரைச் சாக்கில் எறும்பு வரும். பருப்புச் சாக்கில் வண்டு. காப்பிக்கொட்டைச் சாக்கில் உமியும் சணல் பிசிறும் வந்து தொண்டையை அறுக்கும். சுவரோரமாக இன்னொரு குவியல் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் செய்கிற கம்பெனியிலிருந்து வருகிற வெள்ளைச் சாக்கு. கப்பலில் வருகிற கல்நாரைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கை விற்றுவிடுவார்கள். உதறினால் பஞ்சு பஞ்சாய்ப் பறக்கும், வெயில் பட்டால் மினுங்கும். கையை அறுக்காது, தும்மல் வராது. நார் சாக்கு என்று அதற்குப் பெயர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பவுனம்மாள் அந்தச் சுவரோரம்தான் உட்கார்ந்திருந்தாள். போன தையில் மேஸ்திரியானபிறகுதான் எழுந்தாள்.

அவள் புருஷன் காசிமேட்டுப் படகுக்காரன், செத்துப் பல காலம் ஆயிற்று. ஒரே மகன் ரகுபதி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். மூட்டையை மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி எந்நேரமும் இடுப்பில் இருக்கும். அவனுக்குப் பேச்சுக்கு முந்தி கை வரும். அவன் பெண்டாட்டி தேசம்மாளும் இதே கிடங்கில்தான் காப்பிச் சாக்கு அடிக்கிறாள். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது பிள்ளை அந்த வருஷம் ஆடியில் தங்கியிருந்தது. வீட்டில் அதைப் பற்றி உரக்கப் பேசக்கூட யாருக்கும் துணிவில்லை.

அந்த ஆடியில்தான் டோரதி சிஸ்டர் வந்தாள்.

பக்கத்துத் தெரு சுகாதார நிலையத்து நர்ஸ். ஆம்பூர்ப் பக்கத்துக்காரி, வேலை மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கிடங்கு வாசலில் முருங்கை மரத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஃப்ளெக்ஸைக் கட்டினாள். காற்றில் அது படபடத்தது.

“இன்னா சிஸ்டர், ஊசியா?” என்றாள் ஜெரினா. கிடங்குக்குப் புதிதாக வந்தவள் அவள். பவுனம்மாள் காலி செய்த இடத்தில் நார் சாக்குக்கு உட்கார்ந்திருந்தாள்.

“ஊசி இல்லம்மா. புற்றுநோய் விழிப்புணர்வு.”

“படம் கீதா? பாட்டு?”

“கொஞ்சம் கேளுங்க. எதெதுல புற்றுநோய் வரும்னு உலகத்துல ஆராய்ச்சி பண்ணி வகை பிரிச்சு வச்சிருக்காங்க. ஒன்றாம் வகை: புகையிலை, மது, டீசல் புகை, கல்நார். உங்க கிடங்குல வர்ற வெள்ளைச் சாக்குல இருக்கே, அது. மூன்றாம் வகையில பாருங்க, காப்பி இருக்கு. ஒன்றாம் வகைன்னா மனிதர்களிடம் போதுமான ஆதாரம் உள்ளதுன்னு அர்த்தம். மூன்றாம் வகைன்னா வகைப்படுத்த இயலாததுன்னு…”

“ஆதார் என் வூட்ல கீது சிஸ்டர். வோணும்னா எத்துகினு வரவா?” என்றாள் ஜெரினா.

பெண்கள் சிரித்தார்கள். டோரதியும் சிரித்துவிட்டாள். அதற்குள் அண்ணாச்சி சொல்லிவிட்ட டீயும் வடையும் வந்தன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் மீதியையும் படித்தாள். பாதிப் பேர் வடையை மென்றுகொண்டே கேட்டார்கள்.

பவுனம்மாள் மட்டும் ஃப்ளெக்ஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏம்மா, நார் சாக்கு ஒண்ணு. காப்பி மூணு. அதானே?”

“ஆமாம்மா. சரியாப் புடிச்சிட்டீங்களே!” என்றாள் டோரதி, சந்தோஷமாக.

சரியாகத்தான் பிடித்திருந்தாள். ஆனால் அந்தக் கரையில் எச்சரிக்கைக்கு எண் என்றால் அது துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டின் எண். ஒன்று ஏற்றினால் புயல் எங்கோ தூரத்துக் கடலில் இருக்கிறது என்று பொருள். பவுனம்மாளின் புருஷன் ஒன்றாம் எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படகை எடுப்பான். மூன்று ஏற்றினால் படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிவிட்டு வீட்டில் படுப்பான். பத்து என்றால் ஊரே ஓட வேண்டும். எண் ஏற ஏற ஆபத்து. இதைத் தெரிந்துகொள்ள அங்கே யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

ராத்திரி சங்கரா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே ரகுபதி கேட்டான்.

“சரக்கு இன்னா நம்பருன்ன?”

“ஒண்ணு.”

“பார்த்தியா! கவர்மெண்டே சொல்ட்டான். தூரத்துல கீது புயலு. நான் பயப்படாம குடிக்கலாம்.”

“சிரிக்காதடா. இவள மூணாம் நம்பர்ல குந்த வெச்சிகினு கீறேன் நானு. வவுத்துப் புள்ளையோட.”

தேசம்மாள் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். “அத்த, காப்பி எல்லாருந்தானே குடிக்கிறாங்க?”

“குடிக்கிறது வேற. காலைலேர்ந்து அந்தப் புழுதிய மோந்துகினு கீறது வேற. நாளைக்கு நீ நார் சாக்குக்கு மாறு. நான் இத்தினி வருசம் அதுல குந்தலையா? எனக்கு இன்னா ஆச்சி?”

மறுநாள் காலை அடி விழுந்தது.

“ஜெரினா, எந்திரி. இங்க தேசம்மா குந்துவா.”

“இன்னாத்துக்கு? வந்ததுலேர்ந்து நான்தான் இங்க.”

“அவ முழுகாம கீறா. மூணாம் நம்பர்ல வெக்க முடியாது.”

“அப்ப நான் மூணுல குந்திச் சாவணுமா? எனக்கும் புள்ளைங்க கீது.”

“எந்திரின்னேன்.”

“மேஸ்திரின்னா எடம் உன் அப்பன் வூட்டு சொத்தா?”

பவுனம்மாள் அவள் கூந்தலைப் பிடித்தாள். ஜெரினா அவள் கையைக் கடித்தாள். இரண்டு பேரும் நார் சாக்குக் குவியலில் விழுந்து புரண்டார்கள். வெள்ளைத் தூள் எழும்பி வெயிலில் மினுங்கியது. தேசம்மாள் “அத்த, வேணாம், வுட்டுடு, எனக்கு எங்கயும் வேணாம்” என்று கத்தினாள். பவுனம்மாள் கையில் கம்பு சிக்கியது. தோளிலிருந்து ஒரே அடி. ஜெரினாவின் மேலுதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

அண்ணாச்சி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏட்டி, என்ன சத்தம் அங்க? ரத்தத்த சாக்குல ஒழுக வுட்டுராதிய. கறை போவாது. யாரு எங்கன இருந்தா எனக்கென்ன, கட்டு கணக்கா வரணும்.” சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெரினா உதட்டைப் பொத்திக்கொண்டு காப்பிச் சாக்குக்குப் போனாள். தேசம்மாள் சுவரோரம் உட்கார்ந்தாள். பவுனம்மாள் மூச்சு வாங்கியபடி அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிவிட்டாள்.

ஐப்பசியில் பவுனம்மாளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. கார்த்திகை பிறந்ததும் படுத்தால் மூச்சு நின்றது, உட்கார்ந்தே தூங்கினாள். விலாவில் குத்தியது. நெஞ்சில் சளி என்றார்கள், வாயு என்றார்கள். ஒரு காலையில் உதடு நீலமாகிப் போகவும் ரகுபதி அவளை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விலாவில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். பாட்டிலில் இறங்கின நீர் ரத்தம் கலந்து தேன் நிறத்தில் இருந்தது. தசையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற அன்று துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். தூறல் விட்டு விட்டு விழுந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் தூக்கமில்லை.

“என்ன வேலை பார்த்தீங்கம்மா?”

“சாக்கு அடிக்கிறது.”

“என்ன சாக்கு?”

“நார் சாக்கு. ஷீட் போடுவாங்களே, அந்த நாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அதுதான். அந்த நார் மூச்சுல உள்ள போயி நுரையீரலைச் சுத்தி இருக்கிற தோல்ல குத்திக்கிட்டு அப்படியே இருக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சுப் புத்தா வரும். இது ஆபத்துன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?”

“சொன்னாங்க நைனா. நம்பரு கூடச் சொன்னாங்க. ஒண்ணாம் நம்பரு.”

“அப்புறமும் அதையேவா செஞ்சீங்க?”

பவுனம்மாள் டாக்டரையே பார்த்தாள். அவர் அடுத்த நோயாளியின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

ரகுபதி அம்மாவை வீட்டில் இறக்கினான். கொக்கியை எடுத்து இடுப்பில் செருகினான்.

“டேய், எங்கடா?”

“தோ, வந்துட்றேன்.”

“தேசம்மா கிடங்குல கீறா, அவள மொதல்ல…”

அவன் காதில் விழவில்லை. தெரு முனையைத் தாண்டியிருந்தான்.

சுகாதார நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்திருக்கலாம். கொக்கியால் அடித்துத்தான் திறந்தான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து கொடுக்கிற ரோஸ்மேரி பின்வாசலில் நின்று போலீசுக்கு போன் போட்டாள். டோரதி மேசைக்குப் பின்னால் எழுந்தாள். அவன் மேசையைப் பிடித்துக் கவிழ்த்தான். எடைபோடும் கருவி சுவரில் மோதி விழுந்தது. டோரதியின் பின்கழுத்தைப் பிடித்து அலமாரிக் கண்ணாடியில் தள்ளினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

“எங்கம்மா சாவப்போறா. சந்தோசமா? உன்னாலதான் சாவப்போறா!”

“யாரு நீங்க? யார் உங்கம்மா?”

“பவுனம்மா! சாக்குக் கிடங்கு! வந்து படம் காட்டினியே, ஒண்ணாம் நம்பரு, ஒண்ணாம் நம்பருன்னு!” கொக்கியின் முனை அவள் தொண்டையில் இருந்தது.

“ஒன்றாம் வகைன்னு சொன்னேன். அது கல்நார். ஆபத்துன்னுதானே சொன்னேன்?”

“ஒண்ணாம் நம்பருன்னா இன்னாடி ஆபத்து? யாருகிட்ட டபாய்க்கிற?”

“ஒண்ணுதானே இருக்கிறதுலயே…”

“ஒண்ணுன்னா சும்மா! ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துனா எங்கப்பன் கடலுக்குப் போவான்! மூணுன்னாதான் குந்துவான்! எங்க வேணும்னா போய்க் கேளு, காசிமேட்ல கேளு, எண்ணூர்ல கேளு! இந்தக் கடக்கரையில எவனாவது ஒண்ணாம் நம்பருக்கு பயப்படுவானா?”

டோரதி கண்ணிலிருந்த ரத்தத்தைத் துடைக்கக் கை தூக்கினாள். கை பாதியில் நின்றது.

வெளியே டீக்கடை டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களிலும் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.

“கடவுளே,” என்றாள். அப்புறம், “அது தலைகீழ்ங்க. எங்க பட்டியல்ல அது தலைகீழ். ஒண்ணுன்னா சந்தேகமே இல்லாம புத்து வர வைக்கும்னு நிரூபிச்சது. மூணுன்னா இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியலன்னு விட்டது. காப்பியில பயமில்லன்னு காட்டத்தான் அதையும் போட்டிருந்தேன்.”

“இன்னாது?”

“அந்தச் சாக்கை இப்ப யார் அடிக்கிறது?”

ரகுபதியின் பார்வை கிடங்கு இருந்த பக்கம் திரும்பியது.

“கேக்கறேன் இல்ல? உங்கம்மா அங்க இல்லேன்னா அந்த இடத்துல இப்ப யாரு?”

“எம் பொண்டாட்டி,” என்றான். “மூணுலேர்ந்து எங்கம்மாதான் ஒண்ணுக்கு மாத்திச்சி. புள்ளத்தாச்சின்னு.”

கொக்கி அவள் தொண்டையை விட்டு இறங்கியது. இரண்டு பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். தூறலில் அவன் முன்னால் ஓடினான். நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.

கிடங்கில் மழைக்காகத் தார்ப்பாய் கட்டி அடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. காற்றுப் போக வழியில்லை. தேசம்மாளின் வயிறு முட்டிக்கொண்டு நின்றது. கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்து அடித்தாள். புருவம், தலைமயிர், மேலுதட்டுப் பூனைமயிர் எல்லாம் வெள்ளை. ரகுபதி கம்பைப் பிடுங்கி, அவளைத் தோளோடு பிடித்துத் தூக்கி மழையில் தள்ளினான்.

“யோவ், இன்னா மெண்டலா நீ? வயித்துல புள்ள கீதுய்யா!”

“அதாண்டி! வெளிய நில்லு! உள்ள வந்தியோ கால ஒடிப்பேன்!”

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். மூக்கில் கைக்குட்டை இருந்தது.

“எலேய், வேலை நேரத்துல என்ன கூத்து இது? சிஸ்டருக்கு என்னாச்சு, நெத்தியில ரத்தம்?”

“அண்ணாச்சி, இந்த வெள்ளைச் சாக்கை அடிக்கவே கூடாது,” என்றாள் டோரதி. அவளுக்கு மூச்சு இரைத்தது. “நான் அன்னைக்குச் சொன்னதை இவங்க மாத்திப் புரிஞ்சிக்கிட்டாங்க. இது கொல்ற தூள்.”

“அதான் போர்டு மாட்டினியளே தாயி. நானும் டீ வாங்கிக் குடுத்து ஆளுவள நிப்பாட்டி வெச்சேன். படிச்சிட்டுத்தான வந்து உக்காந்தாளுவ? நானா புடிச்சித் தள்ளினேன்? அவளுவளே அடிச்சிப் புடிச்சில்லா எடம் வாங்கினாளுவ.”

“அப்ப நீ இன்னாத்துக்கு மூக்குல துணி கட்டிகினு வர்ற?”

கேட்டது ஜெரினா. காப்பிச் சாக்கு மேல் கம்பை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். மேலுதட்டில் பழைய பிளவு வெள்ளைத் தழும்பாக இருந்தது.

“எனக்கு டஸ்ட் அலர்ஜி.”

“காப்பிச் சாக்கு பக்கம் வர்றப்ப அவுத்து வெச்சிக்கிற. பருப்புக்கிட்ட வர்றப்ப ஒண்ணும் இல்ல. இந்தச் செவுத்தாண்ட வந்தா மட்டும் கட்டுற. நான் பாத்துகினுதான் கீறேன். உனக்கு எது ஒண்ணு எது மூணுன்னு நல்லா தெரியும், அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் கை கைக்குட்டையின் முடிச்சுக்குப் போனது.

ரகுபதி அவர் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கைக்குட்டை சிவந்தது. அதை இழுத்துப் பிய்த்து எறிந்தான். சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய், நார் சாக்கு ஒன்றின் வாயைத் திறந்து அவர் தலையை அதில் திணித்தான்.

“மோந்து பாருடா, பேமானி! எங்கம்மா மோந்தா இல்ல? எம் பொண்டாட்டி மோந்தா இல்ல? இப்ப நான் அடிக்கிறேன், நீ மோந்துகினு கெட!”

சாக்குக்குள்ளிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. “எய்யா, வேண்டாம்யா, வேண்டாம்யா…”

ரகுபதி கம்பைத் தோளுக்கு மேலே தூக்கினான்.

“அடிக்காதீங்க!” டோரதி அலறினாள். “அவர் ஒருத்தருக்கு மட்டும் போகாதுங்க! அடிச்சா தூள் எழும்பும். இங்க இருக்கற அத்தனை பேரும் மூச்சுல இழுப்பாங்க. அதோ, உங்க மனைவி பத்தடியில நிக்கிறாங்க!”

கம்பு மேலேயே நின்றது. ஆயுசில் முதல் தடவையாக ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். பவுனம்மாள் இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து, அண்ணாச்சியின் தலை இருந்த சாக்குக்குப் பக்கத்தில், நார்க் குவியலின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அடி… அடிக்கணும்னா எம்மேல அடி நைனா. என் முதுகுல தூசு பறக்காது.”

“எம்மா, எந்திரிம்மா.”

“நான்தாண்டா அவள… தலமயிரப் புடிச்சி சண்ட போட்டு… இங்க இஸ்துகினு வந்து குந்த வெச்சேன். சிஸ்டர் இன்னா பண்ணும்? என்னைய அடி.”

ரகுபதி கம்பை இறக்கினான். சத்தமில்லாமல், கீழே குனிந்து, தரையில் வைத்தான்.

“தண்ணி ஊத்துங்க,” என்றாள் டோரதி. “மெதுவா. வீசி ஊத்தாதீங்க. நனைஞ்சா பறக்காது.”

ஜெரினா தொட்டியிலிருந்து குடம் குடமாய் மொண்டு ஊற்றினாள். சாக்கு நனைந்தது, பவுனம்மாள் நனைந்தாள், அண்ணாச்சியும் நனைந்தார். அவர் தலையை வெளியே எடுத்தபோது முகமெல்லாம் ரத்தமும் வெள்ளைக் கூழுமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். யாரும் தூக்கிவிடப் போகவில்லை. பிறகு டோரதிதான் போய் முகத்தைத் துடைத்துவிட்டு, ரகுபதியைத் திரும்பிப் பார்த்தாள்.

“போலீஸ் வரும். என்னை அடிச்சதுக்கு நான் புகார் குடுப்பேன். அதுல மாத்தமில்ல.”

“குடு.”

“அண்ணாச்சி பண்ணினதையும் சொல்லுவேன். இந்தச் சாக்கு எங்கேர்ந்து வருதுன்னு அதையும் சொல்லுவேன்.”

“சொல்லு.”

ஜெரினா பவுனம்மாளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு வந்து தார்ப்பாய்க்கு வெளியே கல்மேடையில் உட்கார வைத்தாள். ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டாள்.

“உன் வாயக் கிழிச்சேனேடி, ஜெரினா.”

“கிழிச்ச. அன்னிக்கு கிழிக்காம வுட்டிருந்தா நான்தான் இன்னிக்கு வரைக்கும் அங்க குந்தினு இருப்பேன்.” புடவையை இன்னொரு முறை பிழிந்தாள். “மன்னிச்சேன்னு நெனைக்காத. வலி இன்னும் கீது.”

தேசம்மாள் மழையில் நனைந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சிஸ்டர், எனக்கு எத்தினி நம்பரு? என் புள்ளைக்கு?”

டோரதி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை எதையும் பார்த்துப் படிக்கவில்லை.

“அந்த நம்பர் ஆளுக்குப் போடறது இல்லம்மா. புயல் எவ்வளவு பெருசுன்னு சொல்றதும் இல்ல. புயல் உண்டு, பொய் இல்லன்னு சொல்றது. அவ்வளவுதான். நீ எவ்வளவு நனைவேங்கறது எத்தனை காலம் வெளியில நின்னேங்கறதுல இருக்கு. நீ நின்னது நாலு மாசம். நாலு மாசத்துக்கு வந்தே தீரும்னு இல்ல. வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ணவும் மாட்டேன். இன்னையோட நிறுத்து. தலையை அலசு, இந்தப் புடவையை உதறாம நனைச்சுத் துவை. பிள்ளைக்கு மாசா மாசம் வா, நான் பார்க்கறேன்.”

தேசம்மாள் தலையாட்டினாள். புரிந்த தலையாட்டல்தான்.

பவுனம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப நானு,” என்றாள், “ரொம்ப நேரம் வெளிய நின்னுட்டேன். இன்னா?”

டோரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாம்மா” என்று மட்டும் சொன்னாள்.

“இத அன்னிக்கு இப்டிச் சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்து, மூச்சு முட்டி, விட்டுவிட்டாள்.

கட்டுகளில் அடையாளம் போடுகிற கறுப்பு மை டப்பாவும் மட்டைப் பிரஷும் அண்ணாச்சி அறை வாசலில் இருந்தன. டோரதி அதைக் காட்டினாள். “போலீஸ் வர்றதுக்குள்ள அந்தச் சுவத்துல எழுதிடலாம். ஃப்ளெக்ஸ் வேண்டாம். நாளைக்கு இன்னொரு லாரி வரும், வேற ஆளுங்க வருவாங்க.”

“நம்பரு போடாத,” என்றாள் ஜெரினா.

“போடல.”

ரகுபதி பிரஷை எடுத்தான். டோரதி சொல்லச் சொல்ல, தார்ப்பாய்க்கு அடியில் மழை படாத சுவரில், ஆள் உயரத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான். இந்த வெள்ளைச் சாக்கை அடிக்காதே. தூளை மூச்சில் இழுக்காதே. இழுத்தால் புத்து…

கை நின்றது. மை வழிந்தது.

“வரும்னு எழுதவா, வரலாம்னு எழுதவா?”

டோரதி யோசித்தாள். “எல்லாருக்கும் வராது. வரலாம்னுதான் எழுதணும்.”

“வரலாம்னா எவன் சிஸ்டர் பயப்படுவான்? இந்த ஊர்ல?” ரகுபதியின் குரல் மறுபடியும் ஏறியது. “வரலாம், வராமயும் போவலாம்னு குந்திக்குவாளுங்க!”

“பொய் எழுதச் சொல்றீங்களா? நாளைக்கு ஒருத்திக்கு வரலேன்னா மொத்தமும் பொய்ம்பாங்க.”

“டேய்.” பவுனம்மாள் கையைத் தூக்கினாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். தார்ப்பாயில் மழை கொட்டியது. ரயில்வே கேட் பக்கத்திலிருந்து ஜீப் வருகிற சத்தம் கேட்டது.

“கூண்டு ஏத்தின அன்னிக்கெல்லாம்… எல்லா போட்டும் முழுவிச்சா? அதுக்காவ ஏத்தாம வுட்டானா?” நின்று மூச்சு வாங்கினாள். “சிஸ்டர் சொல்றா மாரியே எழுது. வரலாம்னு எழுது.”

எழுதினான்.

“கீழ எம் பேர எழுது.”

“எம்மா…”

“பவுனம்மாளுக்கு வந்துட்ச்சின்னு எழுது.”

காலையிலிருந்து கதவையும் மேசையையும் மனுஷர் முகத்தையும் உடைத்த கை பிரஷை மை டப்பாவுக்குள்ளேயே அழுத்திப் பிடித்திருந்தது. ஜீப் வாசலில் வந்து நின்றது.

“எழுதுடா,” என்றாள் பவுனம்மாள். “தோள்லேர்ந்து எழுது. தூரத்துலேர்ந்து தெரியணும்.”